சிலிக்காரியும் மூன்று செத்தல் மிளகாயும்

அவளை நான் மனதுக்குள் சிலிக்காரி என்றுதான் சொல்லிக்கொள்வேன். அவளுக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. மகள் அதை நாக்கைச் சுழற்றிச் சரியாகச் சொல்லுவாள். எனக்கும் சொல்ல வரும், ஆனால் சொல்ல மாட்டேன். என் பிள்ளையின் வாயில் அவ்வளவு இனிப்பாக இருந்த ஒரு பெயரை நானும் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒஸ்லோ நகரத்தின் ரொம்சோஸ் பகுதியில், ஒரு தொடர்மாடியில் நாங்கள் நான்காம் மாடி, அவள் மூன்றாம் மாடி. தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து வந்தவள். எங்களைப் போலவே அகதி. ஆனால் எங்களுக்குப் பல வருடங்கள் முன்னால் வந்துவிட்டாள். அவளுக்கு ஒரே மகன், என் மகளைவிட இரண்டு வயது மூத்தவன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வருத்தம். நாங்கள் தொய்வு என்போம், முட்டு என்போம். ஆஸ்துமா என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

ஒரே வருத்தம் என்றுதான் டொக்டரும் சொன்னார். ஆனால் அவள் மகன் பனிக்குள் பந்தடித்தான். என் மகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதைப் பார்த்தாள். அவள் விட்ட மூச்சு கண்ணாடியில் படிவதையும், கீழே அந்தப் பொடியன் கத்திக்கொண்டு ஓடுவதையும் நான் பின்னால் நின்று பார்ப்பேன். வயிறு பற்றி எரியும். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கக் கூடாது என்று நினைத்தேனா என்றால், இல்லை. ஆனால் அவ்வளவு நன்றாக என் கண்முன்னால் இருக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

எங்கள் சனத்துக்கு மகளின் வருத்தத்தைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு ஏன் அவல் கொடுப்பான்? பெண்பிள்ளைக்கு முட்டு என்று ஒருமுறை வெளியில் தெரிந்தால், இருபது வருடங்கள் கழித்து ஒரு சம்பந்தம் பேசும் வீட்டில் அது எழும்பி வந்து நிற்கும். பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. நான் அவளின் கல்யாணத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போனால் மருந்துக் குழாயைச் சீலைத் துணியில் சுற்றிக் கைப்பையின் அடியில் வைப்பேன். யாராவது கேட்டால், "சும்மா சளி" என்பேன்.

இப்படியிருக்க, எங்கள் பகுதிச் சுகாதார நிலையம் ஒரு வேலையைத் தொடங்கியது. வெளிநாட்டுக் குடும்பங்களில், பிள்ளையின் ஆஸ்துமாவை நன்றாகக் கவனித்துப் பழகிய தாய்மாரைத் தெரிவு செய்து, கொஞ்சம் பயிற்சி கொடுத்து, மற்றத் தாய்மாரின் வீடுகளுக்கு அனுப்புவது. டொக்டர் பத்து நிமிடத்தில் சொல்வதைப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு மணித்தியாலம் இருந்து காட்டிக் கொடுப்பாள் என்பது அவர்களின் எண்ணம். தாதி இதை எனக்குச் சொன்னபோது, என்னைத்தான் கேட்கப் போகிறாள் என்று நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். என் நொர்வேஜிய மொழி பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியது. முதியோர் இல்லச் சமையலறையில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன், எந்தத் தாளைத் தந்தாலும் வாசிப்பேன்.

தாதி சொன்னாள், "உங்கடை கீழ்வீட்டு அம்மா செவ்வாய்க்கிழமையளிலை உங்களிட்டை வருவா."

சிலிக்காரியின் நொர்வேஜிய மொழியில் பாதியைக் கைதான் பேசும். அவளா எனக்குப் படிப்பிக்க வருகிறாள்? அன்று வீட்டுக்கு வந்து, பஸ் ஓட்டிக் களைத்து வந்த என் மனிசனின் தலையில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். அவ செய்யிறதைச் செய்யட்டுமன்," என்றார் அவர்.

"அப்ப என்ரை பிள்ளை ஊரார் பிள்ளையோ?"

"உன்னோடை கதைக்க ஏலாதப்பா," என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ரிவிக்கு முன்னால் போய்விட்டார்.

அவள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சொந்த வீடு மாதிரி நடந்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து, "காத்து வரட்டும், காத்து," என்றாள். வீட்டில் யாராவது புகைப்பிடிப்பீர்களா என்று கேட்டாள். "ஒருத்தரும் இல்லை," என்றேன். உண்மைதான். மெழுகுதிரி, ஊதுபத்தி? "வெள்ளிக்கிழமையிலை சின்னதாய் ஒண்டு," என்றேன். அதையும் பல்கனியில் வைக்கச் சொன்னாள். சாமியைக் குளிருக்குள் விடச் சொல்லுகிறாளே என்று எனக்குக் கோபம். ஆனாலும் ஊதுபத்தியை மட்டும் வெளியே வைத்தேன். தாதியிடம் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல் மருந்துதான். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் செம்மஞ்சள் நிற மருந்து. மூச்சு முட்டும்போது நீல நிற மருந்து. இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, வாயில் வைத்து, பத்து மூச்சு எடுக்க வேண்டும். எனக்கென்றால் மகள் மேசைக்குக் கீழே போய் ஒளிவாள். காலைப் பிடித்து இழுப்பேன், அழுவாள், அழுதால் மூச்சு இன்னும் இழுக்கும். சிலிக்காரி தரையில் சப்பாணி கட்டி இருந்தாள். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, தன் மொழியில் மெதுவாக, பாட்டு மாதிரி எண்ணினாள்: "ஊனோ, தோஸ், த்ரேஸ்..." மகள் தானாக வந்து அவள் மடியில் ஏறி இருந்தாள். பத்தாவது எண்ணான "தியேஸ்" வந்ததும் இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் "ஒன்று, இரண்டு" சொல்ல வாய் நோகிறது என்று சொல்லும் பிள்ளை, ஒரு மாதத்துக்குள் காலையில் தானே குழாயை எடுத்து, அந்தப் பாஷையில் விரல்களை மடித்து எண்ணத் தொடங்கினாள். நான் "ஒண்டு" என்று தொடங்கினால், குழாயை எடுத்துவிட்டு, "அம்மா, நீங்கள் பிழையா எண்ணுறியள்," என்பாள்.

செவ்வாய்க்கிழமைகளில் நான் குசினிக்குள் போய்க் கோப்பை கழுவுவேன். அவர்கள் எண்ணத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு நின்று கேட்பேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் மனிதர்கள் இருக்கிறார்களே, அந்தச் சாதி நான்.

பிறகு ஒரு தாள் வந்தது. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. பச்சையென்றால் பிள்ளை சுகம். மஞ்சளென்றால் கவனம், நீல மருந்து. சிவப்பென்றால் நீல மருந்தோடு அம்புலன்சும். அடியில் ஒரு கோடு: "எனக்கு மூச்சு எடுக்க ஏலாவிட்டால் நான் கூப்பிடுவது..." அதைப் பிள்ளையே நிரப்ப வேண்டுமாம். மகள் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பெரிய எழுத்தில், சிலிக்காரியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதினாள். அதற்குக் கீழே, இடம் போதாமல் நெருக்கி, "அம்மா".

"அம்மா வேலைக்குப் போவியள்தானே," என்றாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு.

பிள்ளை நியாயமாகத்தான் சொன்னது. வேலை நேரத்தில் என் போன் உடுப்பு மாற்றும் அறையில் கிடக்கும். நியாயம் தெரிந்தால் எரிச்சல் அடங்குமா? தாளைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன். அந்தக் கடைசிக் கோட்டை மறைத்து, கோயிலில் வாங்கிய பிள்ளையார் காந்தத்தை வைத்தேன்.

அடுத்த மாரியில், திரும்பப் பனி விழுந்த காலத்தில், மகளின் உடம்பு தேறியது. சொல்லத்தான் வேண்டும், நன்றாகவே தேறியது. ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குப் பின்னாலுள்ள திடலில் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு ஓட்டம் வைத்தார்கள். போன வருடம் இதே ஓட்டத்தில் என் மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்து சூடான கொக்கோ குடித்தவள். இந்த முறை முழு வட்டத்தையும் ஓடி முடித்தாள். கடைசிக்கு முதலாவதாகத்தான் வந்தாள். ஆனால் நின்று இளைக்காமல் வந்தாள். ஓடி முடித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பதக்கம்.

நான் கையை விரித்துக்கொண்டு முன்னால் போக, சிலிக்காரி எனக்கு முன்னால் பாய்ந்து பிள்ளையைத் தூக்கிவிட்டாள். இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். முழுத் திடலுக்கும் கேட்க, "என்ன நெஞ்சு இந்தப் பிள்ளைக்கு! குதிரையின்ரை நெஞ்சு!" என்றாள். சனம் திரும்பிப் பார்த்தது. விரித்த கையை நான் ஜாக்கெட் பைக்குள் வைத்தேன்.

கல்லெறிக்குத் தப்பினாலும் கண்ணெறிக்குத் தப்ப ஏலாது என்பார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலத்தில் மகள் இரண்டு தரம் இருமினாள். சின்ன இருமல். மஞ்சள் கட்டம். நீல மருந்தை எடுக்க வேண்டிய நேரம், அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நிமிடம் எனக்கு வேறொன்றும் தெரிந்தது. இது அவளின் நாவூறு. அவளின் வாய். கடைசியில் அவளில் ஒரு பிழை கண்டுபிடித்துவிட்டேன்.

காய்ந்து சிவந்த செத்தல் மிளகாய் மூன்று எடுத்தேன். கல்லுப்பு ஒரு கை. முச்சந்தி மண்ணுக்கு ஒஸ்லோவில் எங்கே போவது? பனியில் சனம் வழுக்கி விழாமலிருக்க நடைபாதையில் தூவும் குறுணிக்கல் சப்பாத்தோடு ஒட்டி வாசல் முழுக்கக் கிடந்தது. மூன்று பாதை கூடும் இடத்தால்தானே நடந்து வந்தோம் என்று அதில் ஒரு சிட்டிகை எடுத்தேன். மகளைக் குசினிக் கதிரையில் இருத்தி, மூன்று தரம் சுற்றி, "துப்பு," என்றேன். பதக்கத்தைக் கழற்றாமல் இருந்த பிள்ளை சிரித்துக்கொண்டு துப்பியது. மனிசன் பஸ் ஓட்டப் போயிருந்தார், வெளியே கடும் குளிர், ஜன்னலெல்லாம் பூட்டு. எல்லாவற்றையும் பழைய தாச்சியில் போட்டு மின்னடுப்பில் வைத்தேன்.

நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பது கணக்கு. நான் நின்று மணந்தேன். கமறவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். இல்லை, கமறவேயில்லை. அடி சிலிக்காரி, பிடிபட்டாயடி! எனக்கு வந்த சந்தோசத்தை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. பிள்ளைக்குக் கண்பட்டுவிட்டதே என்று கவலைப்பட வேண்டிய தாய், குசினிக்குள் நின்று வென்றவள் மாதிரிச் சிரித்தேன். இவ்வளவு பெரிய நாவூறுக்கு மூன்று போதாது என்று இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன்.

அடுப்பு சூடாகியிருக்கவில்லை. அவ்வளவுதான் விசயம். மின்னடுப்புத் தட்டு சூடாக நேரம் எடுக்கும் என்பது, சமையலறையில் இத்தனை வருடம் வேலை செய்தவளுக்குத் தெரியாததல்ல.

பிறகு சூடாகியது. ஒரு பிடி மிளகாயும் ஒன்றாகக் கருகி, கண் தெரியாமல் புகை எழும்பியது. நான் இருமிக்கொண்டு தாச்சியைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டேன். அது இன்னும் மோசமாகக் குமுறியது. திரும்பிப் பார்த்தால் மகள் கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏற, வாயைத் திறந்தபடி இருந்தாள். இருமல் கூட வரவில்லை. காற்று உள்ளே போகவில்லை. உதடு நிறம் மாறியது.

நீல மருந்தை எடுத்தேன், குழாய் கைதவறி விழுந்து உருண்டது. மகள் என்னைப் பார்க்கவில்லை. குளிர்சாதனப்பெட்டியைப் பார்த்தாள். பிள்ளையாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மகளின் எழுத்தில் இருந்த இலக்கத்தை அழுத்தினேன். "வா," என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

வெறுங்காலோடு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் பிள்ளையை அப்படியே அள்ளிப் புகைக்கு வெளியே, மாடிப்படிக்குக் கொண்டுபோனாள். நான் மருந்தோடும் குழாயோடும் பின்னால் ஓடினேன். படியில் இருந்து பிள்ளையை நிமிர்த்தித் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், அம்புலன்சுக்குக் கதைக்கத் தொடங்கிவிட்டாள். குழாயை வாங்க அவளுக்குக் கை இல்லை. எனக்குக் கண்ணால் காட்டினாள்.

"நீ குடு. நீ எண்ணு," என்றாள்.

ஒரு முறை அழுத்தி, குழாயை மகளின் வாயில் வைத்தேன். "ஒண்டு," என்றேன். பிள்ளையின் கண் அலைந்தது. நெஞ்சு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது, என் எண்ணுக்குப் பிடிபடவில்லை. அப்போது என் வாயிலிருந்து, நான் நினைக்காமலே, அது வந்தது.

"ஊனோ," என்றேன். "தோஸ். த்ரேஸ்."

மகள் என்னைப் பார்த்தாள். சிலிக்காரி போனில் கதைத்துக்கொண்டிருந்தவள் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "குவாத்ரோ, சிங்கோ." தண்ணீரை நிறுத்திவிட்டு நின்று கேட்ட அத்தனை செவ்வாய்க்கிழமையும் என் நாக்கில் வரிசையாக நின்றது. அதே இராகம், அதே இழுவை. ஆறாவது எண்ணில் பிள்ளையின் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. பத்து வந்ததும் திரும்ப அழுத்தினேன். அம்புலன்ஸ் வரும்வரை அவளின் பாஷையில் எண்ணினேன். யாரும் கைதட்டவில்லை.

காத்திருந்தபோது, "என்ன எரிஞ்சது?" என்று கேட்டாள்.

"கறி," என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு அவளும் வந்தாள். மகள் முகமூடியோடு, பதக்கத்தைக் கையில் பொத்திக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். ஆபத்துத் தாண்டிவிட்டது. டொக்டர் ஒரு இளம் பெடியன், அன்று பிள்ளை என்னென்ன செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பனிச்சறுக்கு ஓட்டம் என்றேன். சமைத்தபோது கொஞ்சம் கறி அடிப்பிடித்தது என்றேன். அவன் தலையாட்டி எழுதினான்.

"அப்ப குளிரிலை ஓடினதுதான் காரணம்போலை. இந்த மாரி முழுக்கப் பனிச்சறுக்கு வேண்டாம். அடுத்த மாரிக்குப் பாப்பம்."

முகமூடிக்கு மேலே மகளின் கண் மட்டும் நிரம்பி, ஓரத்தால் வழிந்து காதுக்குள் போனது. பதக்கத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

நான் வாயைத் திறந்தால் என்னவாகும்? பெற்ற பிள்ளையை மிளகாய்ப் புகைக்குள் இருத்தியவள் என்று எழுதுவான். பிள்ளைகளைப் பெற்றாரிடமிருந்து எடுத்துப் போகும் அலுவலகத்தைப் பற்றி எங்கள் சனத்துக்குள் எத்தனை கதைகள். அதைவிடப் பெரிய பயம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், பக்கத்துக் கதிரையில் இருந்தவள். அவளுக்கு முன்னால் நான் எப்படிச் சொல்லுவேன்? வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வராது. மகள் மட்டும் திரும்பவும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

"ஓட்டம் இல்லை," என்றேன். "நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றியது, துப்பியது, மூன்று மிளகாய், பிறகு ஒரு பிடி. ஏன் என்று டொக்டர் கேட்டான். கண்பட்டதற்கு என்றேன். யாருடைய கண் என்று அவன் கேட்கவில்லை. சிலிக்காரி கேட்டாள்.

"ஆற்றை கண்?"

"உன்ரை," என்றேன்.

அவள் தன் காலைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதச் சப்பாத்து போட்டிருந்தாள். பிறகு சொன்னாள், "எங்கடை நாட்டிலையும் கண்படுறது இருக்கு. என்ரை அம்மா முட்டையாலை சுத்துவா. முட்டை புகையாது."

டொக்டருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கினான். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒரு பெண்பிள்ளை வேணுமெண்டு சரியான ஆசை," என்றாள். "உன்ரை மகளைத் தூக்கேக்கை சில நேரம் திருப்பித் தர மனம் வாறேல்லை. பட்டிருக்கும். என்ரை கண்தான் பட்டிருக்கும்."

அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? சண்டை பிடிக்கவும் விடாத மனிசி. அவளுக்கும் என்னில் எரிச்சல் என்று கேட்டபோது எனக்கு ஒரு துளி ஆறுதலும் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

டொக்டர் எழுதியதை வெட்டினான். ஓட்டத்துக்குத் தடை இல்லை, ஓடுவதற்கு முன் நீல மருந்து எடுத்தால் போதும் என்றான். எங்களை ஒருவரும் எங்கும் எடுத்துப் போகவில்லை; சுகாதார நிலையத் தாதி ஒருமுறை வீட்டுக்கு வந்து கதைத்துவிட்டுப் போனாள். புதிய தாள் தந்தாள். பிள்ளைக்கு ஒத்துவராதவை என்ற கட்டத்தில் மகள் தன் கையால் எழுதினாள்: பூந்தூள், பூனை, அம்மாவின் மிளகாய். கூப்பிடுவது யாரை என்ற கோட்டில் முதலாவது பெயர் மாறவில்லை. இந்த முறை பிள்ளையாரை ஒரு மூலைக்கு நகர்த்தி, அந்தக் கோடு தெரியும்படி ஒட்டினேன். எரிச்சல் போனதா என்று கேட்காதீர்கள். காந்தத்தைத்தான் நகர்த்தினேன்.

அடுத்த வருடம் தமிழ்க் குடும்பங்களுக்குப் போக ஒரு ஆள் வேண்டும் என்று தாதி என்னைக் கேட்டாள். என்னைக் கேட்கும்படி அவளிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது தனி எரிச்சல்.

நான் போன முதல் வீட்டில் ஐந்து வயதுப் பையன். தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். யாராவது புகைப்பிடிப்பீர்களா என்று கேட்டேன்.

"ஐயோ, சீ. எங்கடை வீட்டிலை அப்பிடிப் பழக்கமில்லை அக்கா."

"ஓம். நாவூறு எதாலை கழிக்கிறனீங்கள்?"

அவள் குசினித் தட்டில் இருந்த மிளகாய்ப் போத்தலைப் பார்த்தாள். அந்தக் கேள்வி தாதியின் தாளிலும் இல்லை, சிலிக்காரியின் தாளிலும் இல்லை. என் மகளின் தாளில் மட்டும்தான் இருந்தது.

"முட்டையாலை சுத்துங்கோ," என்றேன்.

பிறகு பையனைப் பக்கத்தில் இருத்தி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு," என்று கொஞ்சம் இராகமாக இழுத்து எண்ணினேன். தாயோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை, என் மடியில் ஏறி இருந்து, விரலை மடித்து, பத்து மூச்சும் எடுத்தது. தாய் எழும்பிப் போன குசினிக்குள் கோப்பை கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நாலு" என்று சொன்னபோது தண்ணீர் நின்றது.

முதலில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. சந்தோசம். மடியில் ஒருத்தியின் பிள்ளை, அவள் உள்ளே நின்று கேட்கிறாள். அதை இன்னும் கொஞ்சம் அனுபவிக்க வேண்டும் போல இருந்தது. பத்துவரை எண்ணி முடித்தேன். பிள்ளை இன்னொரு முறை என்றது.

"இஞ்சை வாங்கோ தங்கச்சி," என்று கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டபடி வந்தாள். பையனை மடியிலிருந்து இறக்கி, குழாயை அவளின் கையில் வைத்தேன்.

"இனி நீங்கள் எண்ணுங்கோ," என்றேன்.